ஏரிக்கரைக்கு எந்த பைனாகுலர்? 32, 42, 50 மி.மீ. லென்ஸுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழி

நான் முதலில் வாங்கிய பைனாகுலர் 10×50. எண் பெரிதாக இருந்தால் பறவையும் பெரிதாகத் தெரியும் என்று நம்பி, கையில் எடுத்துப் பார்க்காமலேயே இணையத்தில் பணம் கட்டிவிட்டேன். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வடுவூர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்த பிறகு, கை நடுக்கத்தில் நத்தை குத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக்கூட நிதானமாகப் பார்க்க முடியவில்லை. அடுத்து வாங்கியதை ஒரு மழைக்காலம் முழுவதும் துணி உறையோடு அலமாரியில் வைத்துப் பூஞ்சைக்குப் பறிகொடுத்தேன். மூன்றாவதாக வாங்கிய 8×42 தான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. காவிரிப் படுகையில் புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் முதல் தடவையிலேயே சரியானதை வாங்க வேண்டும் என்பதற்காக, நான் மூன்று தடவையில் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எண்களைப் படிக்கப் பழகுங்கள்

பைனாகுலரின் மீது 8×32, 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாம் எண், பறவையை நோக்கியிருக்கும் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இந்த இரண்டையும் வைத்து நீங்களே போடக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண் வைக்கும் பக்கத்தில் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×32-க்கு அது 4 மி.மீ.; 8×42-க்கு 5.25 மி.மீ.; 10×42-க்கு 4.2 மி.மீ.; 10×50-க்கு 5 மி.மீ. பட்டப்பகலில் நம் கண்ணின் பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்திக் கருக்கலில் விரியும். இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரைகூட விரியக்கூடும், வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். பாவையைவிட ஒளிவட்டம் பெரிதாக இருந்தால் மிகுதி ஒளி கண்ணுக்குள் போகாது. ஆகவே நண்பகல் வெயிலில் 32 மி.மீ. லென்ஸுக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய வேறுபாடே தெரியாது. இந்த ஒரு செய்தியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் முதல் செலவு மிஞ்சியிருக்கும்.

2. உருப்பெருக்கத்தை 8 என்று நிறுத்திக்கொள்ளுங்கள்

லென்ஸ் அளவுக்குப் போவதற்கு முன் உருப்பெருக்கத்தை முடிவு செய்துவிட வேண்டும். 80 மீட்டர் தொலைவில் நிற்கும் கூழைக்கடா 8 மடங்கில் பார்த்தால் 10 மீட்டரில் நிற்பதைப் போலவும், 10 மடங்கில் பார்த்தால் 8 மீட்டரில் நிற்பதைப் போலவும் தெரியும். இந்த இரண்டு மீட்டருக்காக நீங்கள் இழப்பது அதிகம். பறவை எவ்வளவு பெருகுகிறதோ, கையின் நடுக்கமும் அவ்வளவு பெருகும். பார்வைப் பரப்பும் சுருங்கும்: 8 மடங்கில் 1000 மீட்டர் தொலைவில் சுமார் 120 முதல் 140 மீட்டர் அகலம் தெரியும், 10 மடங்கில் பெரும்பாலும் 100 முதல் 115 மீட்டருக்குள் அடங்கிவிடும். நாணல் புதரிலிருந்து எழும்பும் நீலத் தாழைக்கோழியைப் புதியவர் ஒருவர் லென்ஸுக்குள் பிடிக்க அந்தக் கூடுதல் அகலம் மிகவும் தேவைப்படும். மேலும், மார்கழிக் காலையின் பனிமூட்டத்தையும் உப்பளத்தின் மேல் அலையும் கானலையும் எந்த லென்ஸும் ஊடுருவாது. உருப்பெருக்கம் கூடினால் அவையும் சேர்ந்தே பெருகும்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, 8 முதல் 24 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் ஜூம் பைனாகுலர். அதில் பார்வைப் பரப்பு குறைந்த உருப்பெருக்கத்திலேயே குறுகலாக இருக்கும், உயர்ந்த உருப்பெருக்கத்தில் படம் மங்கும், இரண்டு குழாய்களும் ஒரே அளவில் பெருக்குவதும் மலிவான கருவிகளில் அரிது. உருப்பெருக்கம் மாறாத கருவியையே வாங்குங்கள்.

மற்றொன்று, துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப். இணையத்தில் அது குறைந்த விலைக்குக் கிடைப்பதைப் பார்த்து, ஒற்றைக் கண்ணால் பறவை பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணை ஏறக்குறைய நான்கு விரற்கடை தள்ளி வைத்துப் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது அது. கையில் பிடித்துத் தேடினால் பார்வைப் பரப்பு மிகக் குறுகலாக இருக்கும். அதைவிட முக்கியமானது, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கும் நாட்டில், வலசைப் பறவைகள் இறங்கும் இடத்துக்கு அப்படியொரு கருவியோடு போனால் வனத்துறையினர் நிறுத்திக் கேட்பார்கள், கேட்பதும் நியாயமே.

3. எந்த நேரத்தில், எந்தக் கரையில் நிற்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

லென்ஸ் அளவைத் தீர்மானிக்கும் படி இதுதான். கடைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு தாளில், நீங்கள் உண்மையாகவே பறவை பார்க்கப் போகும் இடங்களையும் நேரங்களையும் எழுதுங்கள். நினைப்பதை எழுதாமல், வேலையும் பேருந்தும் உங்களை விடும் நேரத்தை எழுதுங்கள்.

வீட்டுக் கொல்லையிலும், வயல் வரப்பிலும், வாய்க்கால் கரையிலும் காலை ஏழு மணிக்கு மேல் பனங்காடை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் போன்றவற்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 8×32 உங்களுக்குப் போதும். அரை கிலோ அளவிலான எடையில் கிடைக்கும்; இரு சக்கர வண்டியில் போகும்போதும் கழுத்தில் கிடக்கலாம்; பள்ளிப் பிள்ளைகளும் களைப்பின்றித் தூக்குவார்கள். ஒளிவட்டம் 4 மி.மீ. என்பதால் பகல் முழுவதும் குறை தெரியாது. கருக்கலில் மட்டும்தான் அது தன் எல்லையைக் காட்டும்.

வடுவூரிலும், உதயமார்த்தாண்டபுரத்திலும், அரியலூர்ப் பக்கம் கரைவெட்டியிலும் நிலைமை வேறு. ஏரிகளின் நடுவே உள்ள கருவேல மரங்களில் அடையும் நாரைகளும் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் விடியலில் கிளம்பிப் போய், பொழுது சாயும்போது கூட்டங்கூட்டமாகத் திரும்புகின்றன. அங்கே பார்க்கத் தகுந்த நேரமே வெளிச்சம் குறைந்த அந்த முக்கால் மணி நேரம்தான். 42 மி.மீ. லென்ஸின் பரப்பு 32 மி.மீ. லென்ஸின் பரப்பைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. அந்தியில் அரிவாள் மூக்கன் கூட்டத்தில் எது கறுப்பு, எது பளபளக்கும் பழுப்பு என்று பிரித்துச் சொல்ல இந்த வேறுபாடு உதவுகிறது. நான் ஒரே மாலையில் ஒரே கரையில் நண்பரின் 8×32-ஐயும் என்னுடைய 8×42-ஐயும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஐந்தரை மணி வரை இரண்டும் ஒன்றுபோல இருந்தன; சூரியன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கிய பிறகு 32-இல் இறகின் நிறம் முதலில் மறைந்தது, உருவம் மட்டும் நின்றது. இந்தப் பகுதியின் ஏரிகளுக்காக ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

50 மி.மீ. லென்ஸ் யாருக்கு? நடக்காமல், கரையில் ஓரிடத்தில் அமர்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றியோ கம்பின் மேல் வைத்தோ நீண்ட நேரம் பார்ப்பவர்களுக்கு. இரவில் நிலவையும் விண்மீன்களையும் பார்க்கும் ஆசை சேர்ந்திருந்தால் 10×50 நல்ல துணை. ஆனால் 7×50 போன்றவற்றின் 7 மி.மீ. ஒளிவட்டம், பாவை 5 மி.மீ.க்கு மேல் விரியாத மூத்தவர்களுக்கு வீண். கூடுதல் எடையைத்தான் அவர்கள் சுமப்பார்கள்.

கோடியக்கரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பூநாரைகள் ஏறத்தாழ நாலடி உயரத்தில், வெட்டவெளியில் நிற்கும். எந்த பைனாகுலரிலும் அழகாகத் தெரியும். ஆனால் சேற்றுத் திட்டில் ஓடும் கொசு உள்ளான் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை. பல நூறு மீட்டர் தொலைவில் அதை மற்ற உள்ளான்களிலிருந்து பிரித்தறிய 42-உம் போதாது, 50-உம் போதாது. அதற்கு முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக் குழல் தொலைநோக்கிதான் வேண்டும். உள்ளான்களுக்காக என்று நினைத்து 50-க்குப் போவது பலர் செய்யும் தவறு, நானும் செய்தது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: படகு ஆடும்போது கண்ணும் ஒளிவட்டமும் விலகிக்கொண்டே இருக்கும். வட்டம் பெரிதாக இருந்தால் படம் கறுத்துப்போவது குறையும். அங்கே நண்பகலிலும் 8×42, 8×32-ஐவிட இதமாக இருப்பதற்குக் காரணம் வெளிச்சமல்ல, இந்த விலகல்தான்.

4. கழுத்தையும் கண்ணாடியையும் கணக்கில் சேருங்கள்

8×42 கருவிகள் பொதுவாக 600 முதல் 800 கிராம் வரை இருக்கும். அதே எடையுள்ள ஒரு பொருளை, எடுத்துக்காட்டாக முக்கால் லிட்டர் தண்ணீர் உள்ள பாட்டிலை, கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்து பாருங்கள். வலித்தால், இரு தோள்களிலும் மாட்டும் பட்டையை வாங்கிக்கொள்ளலாம், அல்லது 32-க்கு இறங்கலாம்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கருவியின் விவரப் பட்டியலில் கண் இடைவெளி, அதாவது கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்ற அளவு (eye relief), எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். குறைந்தது 15 அல்லது 16 மி.மீ. இல்லையென்றால், கண்ணாடியோடு பார்க்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். சிறு பிள்ளைகளுக்கு வாங்கினால் இரண்டு குழாய்களும் எவ்வளவு நெருங்குகின்றன என்பதைப் பாருங்கள்; பல கருவிகள் 56 மி.மீ.க்குக் கீழே நெருங்குவதில்லை, பிள்ளைக்கு இரு கண்ணாலும் ஒரே வட்டம் தெரியாது.

5. லென்ஸ் அளவு சொல்லாத மூன்று செய்திகள்

லென்ஸில் ஒளி தெறித்து வீணாகாமல் தடுக்கும் நல்ல பூச்சுள்ள 32, மட்டமான 42-ஐவிடத் தெளிவாக இருக்கலாம். எல்லாக் கண்ணாடிப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா என்று விவரப் பட்டியலில் பாருங்கள். வெறுமனே பூச்சு உண்டு என்று எழுதியிருந்தால் ஒரே ஒரு பரப்பில் மட்டும்கூட இருக்கலாம். கருவிக்குள் ஒளியைத் திருப்பிவிடும் பட்டகம் (பிரிசம்) பேக்-4 (BaK-4) என்ற கண்ணாடி வகையா என்று கேளுங்கள். பி.கே.-7 வகைப் பட்டகமாக இருந்தால், கருவியை வானத்தை நோக்கிக் கை நீளத்தில் பிடிக்கும்போது ஒளிவட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சாம்பல் படிந்து சதுரம் போலத் தெரியும்.

மூன்றாவது, நம் பகுதிக்கு விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று: உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயு நிரப்பி அடைத்த, நீர்புகாத கருவி. ஐ.பி.எக்ஸ்-7 என்ற தரம் இருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வாய்க்காலில் விழும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றில் ஊறியிருக்கும் ஈரம் உள்ளே போகாமல் இருப்பதற்காகவே முக்கியமாகச் சொல்கிறேன்.

6. பணம்

நான் விசாரித்த அளவில் பத்தாயிரம் ரூபாய்க்குள் 8×40, 8×42 அளவில் நீர்புகாப் பாதுகாப்பு இல்லாத, ஆனால் படம் நன்றாக உள்ள கருவிகள் கிடைக்கின்றன. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை நீர்புகாத நல்ல தொடக்கநிலைக் கருவிகள். அதற்கு மேலே போகப்போக ஓரத் தெளிவும் நிறத் தூய்மையும் கூடும். ஒரே வரிசையில் 32-க்கும் 42-க்கும் விலை வேறுபாடு சிறிதாகவே இருக்கும். எனவே பணத்தை மிச்சப்படுத்த 32-க்குப் போகாதீர்கள், எடையைக் குறைக்கப் போங்கள். உங்களிடம் பதினைந்தாயிரம் இருந்தால் மலிவான 50-ஐவிட நீர்புகாத 42 எந்த நாளும் மேல். தோள்பட்டை, காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், லென்ஸ் துடைக்கும் துணி ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. போலியைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும்

60×60, 20-180×100 என்றெல்லாம் பொறித்து, இரவிலும் தெரியும் என்று சொல்லி ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுபவற்றை நம்பாதீர்கள். முன்பக்க லென்ஸின் கண்ணாடியை மட்டும், ரப்பர் விளிம்பை விட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிறகு கருவியை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, கண் பக்கம் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை வைத்தால் விழும் ஒளிவட்டத்தையும் அளங்கள். முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் ஏறக்குறைய தெரிந்துவிடும். உண்மையாகவே 60×60 என்றால் அந்த வட்டம் 1 மி.மீ.தான் இருக்கும். கையில் பிடித்த கருவியில் பறவையைப் பார்ப்பது அப்போது இயலாத காரியம். சிவந்து மின்னும் முன்பக்க லென்ஸையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பூச்சு நிறத்தைக் கெடுத்து ஒளியையும் குறைக்கும்.

8. பில்லும் உத்தரவாதமும்

என் இரண்டாவது கருவியைப் பழுது பார்க்க அனுப்பியபோது, பில்லில் வரிசை எண் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ஏழு வாரம் அலைய வைத்தார்கள். ஆகவே வாங்கும் அன்றே இவற்றைச் சேர்த்து வையுங்கள்: ஜி.எஸ்.டி. எண்ணும் தேதியும் உள்ள பில், அதிலோ உத்தரவாத அட்டையிலோ கருவியின் வரிசை எண், கடையின் முத்திரை, பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை உள்ள சீட்டின் படம். இறக்குமதிப் பொருளுக்கு இந்தச் சீட்டு சட்டப்படி கட்டாயம். அது இல்லாத பெட்டிக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம்.

நம் ஊர்களில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உறவினர் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வாங்கிவரச் சொல்வது மலிவாகத் தோன்றும். அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டறிந்த பிறகே பணம் அனுப்புங்கள்.

விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

9. பெட்டியைப் பிரித்த அன்றே சோதித்துப் பாருங்கள்

இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். பெட்டியைப் பிரிப்பதை அலைபேசியில் படம் பிடித்துவிட்டு, அன்று மாலையே மொட்டை மாடிக்குப் போங்கள். குழாய்களை உங்கள் கண்களின் இடைவெளிக்கு ஏற்ப மடித்து ஒரே வட்டமாக்குங்கள். வலது லென்ஸை மூடி, இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருப்பிக் கோபுரக் கலசத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே கலசத்தைத் தெளிவாக்குங்கள். அந்த அளவை நினைவில் வையுங்கள். அது உங்கள் கண்ணுக்கு உரியது.

அடுத்து, தொலைவில் உள்ள மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே கருவியை மெல்லக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். கம்பி ஒரு கண்ணுக்கு மேலும் மறு கண்ணுக்குக் கீழுமாகப் பிரிந்தால் குழாய்கள் நேராக இல்லை. பத்து நிமிடப் பார்வையில் தலைவலி வந்தாலும் அதே குறைதான் பெரும்பாலும் காரணம். பழகிவிடும் என்று சொல்பவரைக் கேட்காமல் திருப்பிக் கொடுங்கள். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள். பார்வை நிரந்தரமாகப் பறிபோகும்.

கடையில் வாங்குபவர்கள் மாலை ஆறு மணிக்குப் போய், தெருவின் எதிர்ப்பக்க நிழலில் உள்ள எழுத்துகளை 32-இலும் 42-இலும் மாற்றிப் படித்துப் பாருங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நான் கேட்ட கடைகளில் ஒன்றிரண்டு மாதிரிகளே இருந்தன. சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

10. எப்போது வாங்கி, எப்போது கிளம்புவது

ஆவணி அல்லது புரட்டாசியில் வாங்குங்கள். பண்டிகைத் தள்ளுபடி அந்தச் சமயத்தில் தொடங்கும், வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், சோதிக்கவும் திருப்பிக் கொடுக்கவும் நாள் இருக்கும். ஐப்பசி அடைமழையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் காலம் மழையிலேயே கழிந்துவிடும். ஏரிகள் நிரம்பி, வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும் கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். வடுவூருக்குத் தஞ்சாவூர் மன்னார்குடி பேருந்திலேயே போய் இறங்கலாம். கோடியக்கரைக்கு வேதாரண்யம் வழியாகப் போக வேண்டும். சரணாலயத்தில் நுழைவுக் கட்டணமும் கேமராவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். சதுப்புநிலப் பகுதிக்குள் போவதானால் முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

11. மழைக்காலத்தில் வைக்கும் இடம்

துணி உறை, தோல் உறை இரண்டும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும். கருவியைக் காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள், விலை அதிகமில்லை. கோடியக்கரையிலிருந்து திரும்பிய அன்றே உப்புக் காற்று படிந்த கருவியின் உடலை ஈரத் துணியால் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, அதன் பிறகே டப்பாவை மூடுங்கள். லென்ஸில் உள்ள மணலை முதலில் காற்றூதி அகற்ற வேண்டும். தோளில் கிடக்கும் துண்டால் துடைத்தால் மணல் பூச்சைக் கீறிவிடும்.

மாதம் ஒருமுறை முன்பக்க லென்ஸ் வழியாக டார்ச் ஒளியை அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்கத்திலேயே சேவை மையத்துக்கு அனுப்பினால் துடைத்துத் தருவார்கள். நான் செய்ததுபோல் நான்கு மாதம் கழித்து அனுப்பினால் பூச்சை அது அரித்திருக்கும். அனுப்பும்போது பில்லின் நகலை மட்டும் பெட்டியில் வைத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.